செரெஸின் பெருவிரல்

தம்பிமார், தங்கச்சிமார்,

போன கிழமை எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், தேநீர்க் கடையில் உங்கள் ஐந்து பேரையும் சேர்த்துக் கண்டதில் எனக்கு நல்ல சந்தோசம். எங்களுடைய பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே நேரத்தில் மியூசியக் காவலர் வேலைக்கு எடுபட்டிருக்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் அந்தச் சீருடைக்குள் நான் ஒருவன்தான். "மியூசியத்திலை வேலை" என்று சொன்னால், "அங்கையும் கோப்பை கழுவுற வேலையோ?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

உங்களில் ஒரு தங்கச்சி கேட்டார்: "அண்ணை, நாள் முழுக்க ஒரு மூலையிலை நிண்டு கொண்டு இருக்கிறது அலுப்படிக்காதோ?" என்று. வடை சூடாக வந்திருந்த அவசரத்தில் "பழகிப்போகும்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். அந்தப் பதில் சரியில்லை. இந்த வேலையில் ஆபத்தே பழகிப்போவதில்தான் இருக்கிறது. எனக்கு அது எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் நான் கெட்டிக்காரனாக வரமாட்டேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

நான் எட்டு வருடம் ஒரு ரெஸ்ரோறனில் கோப்பை கழுவிவிட்டுத்தான் மியூசியத்துக்கு வந்தேன். எந்த மியூசியம் என்பது வேண்டாம். வந்த முதல் மாதத்திலேயே ஒரு பாடம் படித்தேன். மழை நாள். கூரையிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நான் பதறிப்போய் வாளி தேடி ஓடினேன். வாளி கிடைத்துத் திரும்பி வருவதற்குள் பெட்டியின் மேல் ஒரு குளமே நின்றது. எங்கள் தலைமைக் காவலர் குவாதலூப் தீவுக்காரி. உயரமான பெண், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எல்லோரும் அவரை 'செஃப்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிரெஞ்சில் பேசியதை நான் எங்களுடைய தமிழில்தான் தருவேன், மற்றவர்கள் பேசியதையும் அப்படித்தான். என் மனதில் எல்லோரும் யாழ்ப்பாணத்தில்தான் கதைக்கிறார்கள்.

"உம்மடை இடுப்பிலை தொங்குறது என்ன?" என்று கேட்டார்.

"வோக்கி டோக்கி, செஃப்."

"அதிலை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் மூண்டு பேர் வந்திருப்பினம். வாளி தூக்கிறது உம்மடை வேலை இல்லை. கண்டதை உடனை சொல்லுறதுதான் உம்மடை வேலை."

கண்டதை உடனே சொல். இதை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். அளவுக்கு மிஞ்சிப் பிடித்துக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் என்னை ரோமானியக் கூடத்தில் நிறுத்தினார்கள். அங்கேதான் செரெஸ் நிற்கிறாள். ரோமர்களுடைய விளைச்சல் தெய்வம், தானியத்துக்குப் பொறுப்பானவள். வெள்ளைச் சலவைக்கல். ஒரு பெண்ணின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட. மடிப்பு மடிப்பான நீளச் சட்டை. இடது கையில் கோதுமைக் கதிர்க் கட்டு ஒன்று, அதற்குள் இரண்டு கசகசாக் காய்கள். மூக்கு மட்டும் வேறு கல்லில் ஒட்டியது. சட்டையின் விளிம்புக்கு வெளியே வலது பாதத்தின் முன்பகுதி எட்டிப் பார்க்கும். பீடம் என் இடுப்பளவு என்பதால் அந்தப் பாதம் எனக்குச் சரியாகக் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

முதல் நாள் காலை அவளைக் கண்டபோது எனக்கு ஏற்பட்டது மரியாதை. கதிர் வைத்திருக்கிறாள், சோறு போடுகிறவள். கோப்பை கழுவும் தொட்டியிலிருந்து என்னை வெளியே எடுத்துக் காலுக்குச் சப்பாத்தும் உடம்புக்குக் கோட்டும் தந்த இடத்தில் நிற்கிறவள். வேறு என்ன வேண்டும்? அதற்குமேல் நான் எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

காலையில் அந்தக் கூடத்தை நானும் எத்தியெனும்தான் திறப்போம். எத்தியென் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து வந்த பிரெத்தோன்காரன், என்னிலும் பத்து வயது குறைவு. தற்காலிக வேலை ஒப்பந்தத்தில், கொன்ராக்கில், இருந்தான். இரண்டு முறை நிரந்தரமாக்கக் கேட்டு இரண்டு முறையும் கிடைக்கவில்லை. புகையிலையைத் தானே சுருட்டிப் புகைப்பான், விரல் நுனியெல்லாம் மஞ்சள். என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவுடன் முதல் கரண்டி அவனுடையது. அவன் கூடத்தின் அந்தக் கரையில் ஜன்னல்களைத் திறப்பான். நான் இந்தக் கரையில் விளக்குகளைப் போடுவேன். நடுவில் செரெஸ் நிற்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மியூசியம் பூட்டியிருக்கும் நாள், சிலைகளைப் பராமரிக்கும் பெண் விளக்கும் பூதக்கண்ணாடியுமாக வந்து வருடாந்தப் பரிசோதனை செய்தார். சின்ன வயது, மெல்லிய குரல், ஆனால் கல்லைப் பற்றிப் பேசினால் நீதிபதி மாதிரி. செரெஸின் வலதுகால் பெருவிரலில் விளக்கைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செஃப்பைக் கூப்பிட்டார். செஃப் எங்களைக் கூப்பிட்டார். பெருவிரல் பழுப்பேறி மினுங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாலு விரலும் பால் வெள்ளை.

"ஆரோ தொடுகினம்" என்றார் அந்தப் பெண். "ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, நெடுகத் தொடுகினம். கையிலை இருக்கிற எண்ணெய் கல்லுக்குள்ளை இறங்குது."

செஃப் என்னைப் பார்த்தார். "சிவா, உம்மடை கண்ணைப்போலை ஒரு கண் இஞ்சை வேறை ஒருத்தருக்கும் இல்லை. மூண்டு கிழமை இந்தக் காலை மட்டும் பாரும். ஒவ்வொரு நாளும் பதிவேட்டிலை எழுதும்."

எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், மறுநாள் லாச்சப்பலில் கண்ட நாலு பேரிடம் சொன்னேன். அந்த மூன்று கிழமையும் நான் காத்த காவல், நாட்டு எல்லையில் நின்றவன்கூடக் காத்திருக்கமாட்டான். புதன்கிழமை தோறும் வந்து படம் கீறும் கிழவர் ஒருவர் இருந்தார், அவருக்குப் பின்னால் போய் நின்று அவருடைய பென்சிலையே முறைத்துப் பார்த்தேன். பாவம், மனுசன் அடுத்த கிழமை வேறு கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு சுற்றுலாக்கார அம்மா படம் எடுப்பதற்காகச் சிலைக்கு அருகில் சாய்ந்தபோது நான் போட்ட சத்தத்தில் அவவுடைய கைப்பை விழுந்தது. ஒவ்வொரு நாள் பின்னேரமும் பதிவேட்டில் வடிவான எழுத்தில் எழுதினேன்: "இன்று யாரும் தொடவில்லை." கீழே கையெழுத்து.

மூன்று கிழமை முடிந்தது. அந்தப் பெண் மறுபடி வந்து படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெருவிரல் முன்னையைவிட மினுங்கியது.

இங்கேதான் என்னுடைய கெட்டிக்காரத்தனம் எனக்கே குழி வெட்டியது. சிவா சொன்னால் சொன்னதுதான், பார்வையாளர் யாரும் தொடவில்லை. அப்படியென்றால் தொடுவது உள்ளே இருக்கும் ஒருவர், அதுவும் திறப்பதற்கு முன். திறப்பதற்கு முன் அந்தக் கூடத்துக்குள் போவது மூன்று பேர். நிலம் துடைக்கும் பெண் எப்போதும் றப்பர் கையுறையோடு இருப்பவர். மிச்சம் எத்தியெனும் நானும். கமெராவில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அது வாசலைப் பார்க்க வைத்தது, செரெஸின் முதுகுதான் அதில் தெரியும்.

அந்த நேரத்தில், விரலிலிருந்து ஒற்றி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதன் முடிவும் வந்தது. செஃப்பின் அறையில் அந்தப் பெண் வாசித்தார். "எண்ணெய். அதோடை நுண்ணிய சாம்பல்."

"சாம்பலோ?" என்றார் செஃப். "சிலையின்ரை காலிலை சாம்பல் எப்பிடி வரும்?"

செஃப் என்னைப் பார்த்தார். என் கண்ணில் நம்பிக்கை வைத்து என்னைக் காவல் போட்ட மனுசி. கண்டதை உடனே சொல்லப் படித்தவன் நான். ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது.

"எத்தியென் புகைக்கிறவன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லும் போதும் என்பதைச் செஃப்பின் முகத்தில் கண்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெஞ்சில் விழவிட்டார். "வெள்ளிக்கிழமை அவன்ரை கொன்ராக்கைப் பற்றி முடிவெடுக்கினம்" என்றார். "இனி அவையள் நிரந்தரமாக்க மாட்டினம்." அது புதன்கிழமை.

அன்று பின்னேரம் எத்தியெனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றேன். "சிவா, நான் அந்தச் சிலையை ஒருநாளும் தொடேல்லை" என்றான். "என்னை நம்புறியோ?" நான் "ஓம்" என்றேன். உள்ளுக்குள் நம்பவில்லை. அதைவிட வெட்கமான ஓம் என் வாயிலிருந்து வந்ததில்லை.

வீடு லாச்சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில். மனைவி சாந்தி அப்போது லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தா. சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் சொன்னேன், கொஞ்சம் துப்பறிவாளர் தோரணையோடுதான் சொன்னேன். எண்ணெய், சாம்பல், புகைக்கிறவன், முடிந்தது.

சாந்தி கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டா. "இஞ்சாருங்கோ, என்ன சாம்பல் எண்டு சொன்னவையே?"

"சாம்பல் எண்டால் சாம்பல்தான். சிகரெட் சாம்பல்."

"அது நீங்கள் சொல்லுறது. அவையள் என்ன சொன்னவை?"

"நுண்ணிய சாம்பல் எண்டவை."

"எங்கை, உங்கடை வலது கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். சாப்பிட்ட கையைத்தான் காட்டினேன். அதைத் தள்ளிவிட்டா. "காலமை வெளிக்கிடேக்கை என்ன செய்யிறனீங்கள்? தலைக்குத் தேங்காயெண்ணெய். பேந்து சாமித்தட்டிலை போய்த் திருநீறு மூண்டு குறி. பேந்து?"

"பேந்து வேலைக்குப் போறது."

"நெத்தியிலை திருநீறோடையோ போறியள்?"

பிள்ளைகள், உங்களுக்கும் தெரியும், அரசாங்கச் சீருடையோடு நிற்கிறவன் மதக் குறி போடக்கூடாது. அதனால் ஒவ்வொரு நாளும் மெத்ரோ ரயிலிலிருந்து இறங்கிப் படி ஏறும்போது வலது கை விரல்களால் நெற்றியை நன்றாகத் துடைத்துவிடுவேன். எண்ணெயும் திருநீறும் சேர்ந்து அந்த மூன்று விரலிலும் இருக்கும்.

"நான் அந்தச் சிலையைத் தொடுறேல்லை" என்றேன்.

சாந்தி சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்கள் அரிசிச் சாக்கிலை கால் பட்டால் தொட்டுக் கண்ணிலை ஒத்துவியள். புத்தகம் விழுந்தால் ஒத்துவியள். என்ரை கடை ஷட்டர் திறக்கேக்கை வாசல்படியைத் தொட்டு ஒத்துவியள், அது உங்கடை கடையும் இல்லை. கதிரும் கையுமாய் ஒரு அம்மன் மாதிரி நிக்கிறவளை நீங்கள் ஒவ்வொரு நாளும் சும்மா கடந்து போறியளாம். நான் நம்பவோ?"

எனக்குக் கோபம் வந்தது. நான் செய்வதை எனக்குத் தெரியாமல் நான் செய்வேனா என்று கேட்டேன். "நாளைக்குக் கையைப் பாத்துக்கொண்டு போங்கோ" என்றா.

மறுநாள் காலையில் பன்னிரண்டாம் இலக்க மெத்ரோவில் நின்றுகொண்டு நான் என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு மெத்ரோ வரும். சாந்தி சொல்வது சரியாக இருந்தாலும் என்ன, இன்றையிலிருந்து தொடாமல் விட்டால் போச்சு. விரலைச் சுத்தம் செய்துவிடுவார்கள். மாசு திரும்ப வராது. எத்தியென் போனபிறகு நின்றுவிட்டது, அப்போ அவன்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். காவலுக்கு நின்றவனே தொட்டவன் என்று தெரிந்தால் என்னை வைத்திருப்பார்களா? திரும்பவும் தொட்டிக்குள் கை வைத்துக் கோப்பை கழுவும் வயது எனக்கு இல்லை. எத்தியென் இளையவன், வேறு வேலை பிடிப்பான். இப்படி ஒரு பெரிய நியாயம், நாலு ஸ்ரேசனுக்குள் கட்டி முடித்துவிட்டேன்.

கூடத்துக்குள் போனேன். எத்தியென் அந்தக் கரையில் எனக்கு முதுகு காட்டி ஜன்னல் திறந்துகொண்டிருந்தான். வழக்கமாகப் போடும் பாட்டை அவன் அன்று முணுமுணுக்கவில்லை. நான் விளக்குப் பெட்டியை நோக்கி நடந்தேன். கண்ணை என் வலது கையிலேயே வைத்திருந்தேன். செரெஸுக்கு நேரே வந்தபோது அந்தக் கை என்னைக் கேட்காமல் எழும்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே எழும்பியது. பெருவிரலுக்கு ஒரு சாண் இருக்கும்போது இடது கையால் அதைப் பிடித்தேன். ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு அந்தத் தாயின் முன்னால் நின்றேன்.

காவல் இருந்த மூன்று கிழமையும் காலையில் தொட்டிருக்கிறேன். பின்னேரம் அதே கையால் "இன்று யாரும் தொடவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

விளக்கைப் போடாமலே செஃப்பின் அறைக்குப் போனேன். போகிற வழியில் யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும், அதனால் வேகமாக நடந்தேன்.

"செஃப், தொட்டது நான்தான்."

செஃப் கோப்பியைக் கீழே வைத்தார். "என்ன சொல்லுறீர்?"

நெற்றி, எண்ணெய், திருநீறு, மெத்ரோப் படி, விரல், கண் எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய பிரெஞ்சு அவசரத்தில் நொண்டும், அன்று நாலு காலும் நொண்டியது. அவர் முழுவதும் கேட்டார்.

"எவ்வளவு காலமாய்?"

"இந்தக் கூடத்துக்கு வந்த நாளிலை இருந்து."

"காவல் நிண்ட மூண்டு கிழமையும்?"

"ஓம், செஃப். அப்பவும்."

அவர் கதிரையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். தோள் குலுங்கியது. என்னால் அழுகிறார் என்று நினைத்துக் கலங்கிப்போனேன். கொஞ்ச நேரத்தில்தான் விளங்கியது, மனுசி சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார். திரும்பியபோது கண்ணைத் துடைத்தார், ஆனால் முகம் மாறியிருந்தது.

"சிலையைத் தொட்டது தெரியாமல் செய்தது. அதுக்கு நான் கடிதம் எழுதுவன், நீர் கையெழுத்துப் போடுவீர், முடிஞ்சுது. எத்தியெனைச் சொன்னது தெரிஞ்சு செய்தது."

"நீங்கள்தானே செஃப் சொன்னனீங்கள், உடனை சொல்லவேணும் எண்டு."

"கண்டதை உடனை சொல்லச் சொன்னனான். நினைச்சதைச் சொல்லச் சொன்னனானோ? அதுக்கு ஒரு நாள் பொறுக்கலாம். 'எனக்குத் தெரியாது' எண்டு சொல்லியிருந்தால் நான் உம்மைக் குறைவாய் நினைச்சிருக்க மாட்டன்." பிறகு ஒரு தாளை எடுத்தார். "வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் எழுதுறன். நீர் அவன்ரை பேரைச் சொன்னதை அவனுக்கு நீர் போய்ச் சொல்லும். நான் சொல்லமாட்டன்."

உங்களுக்கு நான் தரக்கூடிய புத்தி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அலாரம் அடிக்கும், மேலிடம் கேட்கும், எல்லோரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் 'தெரியாது' என்று சொல்வது மிகவும் கஷ்டம். மற்ற எல்லாக் கஷ்டத்தையும் இந்த வேலை சம்பளத்தோடு பழக்கிவிடும், இதை நீங்களாகத்தான் பழகவேண்டும்.

எத்தியென் பொருட்கள் இறக்கும் வாசலில் நின்று சுருட்டிக்கொண்டிருந்தான். சொன்னேன். தொட்டது நான் என்றபோது கண்ணை விரித்துப் பார்த்தான். அவன் பெயரைச் சொன்னதும் நான் என்றபோது சுருட்டிய கை நின்றுவிட்டது. புகையிலை கொஞ்சம் நிலத்தில் கொட்டுப்பட்டது. "நேற்று உன்னைக் கேட்டனான்" என்றான். "நீ ஓம் எண்டனி." பற்றவைக்காமலே உள்ளே போய்விட்டான். அன்று என் சாப்பாட்டுப் பெட்டி முழுதாக எனக்கே இருந்தது. பாதிதான் சாப்பிட முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் நிரந்தரமானான். எனக்குக் கண்டனக் கடிதமும், ஒரு மாதம் கூடத்தை விட்டுக் கீழே, பார்வையாளர்களின் மேலங்கி வாங்கி வைக்கும் இடத்தில் வேலையும். வேலை போகவில்லை. செஃப் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மாதத்தில் ஒருநாள் பராமரிப்புப் பெண் என்னை மேலே கூப்பிட்டார். பெருவிரலில் வெள்ளைக் களி மாதிரி ஒன்றை அப்பி எண்ணெயை உறிஞ்ச வைத்திருந்தார். செரெஸ் காலில் பற்றுப் போட்ட நோயாளி போல நின்றாள்.

"எப்பிடித் தொடுறனீங்கள் எண்டு காட்டுங்கோ" என்றார். "தொடாமல் காட்டுங்கோ."

காற்றில் காட்டினேன். விரல், பிறகு இரண்டு கண்.

"ஏன் கண்?"

என்னிடம் அதுவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "பெரியவையின்ரை காலைத் தொட்ட கையை வேறை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?" என்றேன். அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். இது செரெஸ் இல்லாமலும் இருக்கலாம். இந்த இடது கையும் கதிரும் பல நூறு வருசத்துக்குப் பிறகு ஒரு சிற்பி செய்து ஒட்டினது. முதல்லை இது ஆரோ ஒரு ரோமாபுரி அதிகாரியின்ரை மனுசியின்ரை சிலையாய் இருந்திருக்கும்."

அன்று வீட்டில் இதைச் சொன்னதுதான் நான் செய்த அடுத்த பிழை. சாந்தி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "ஆரோ ஒருத்தன்ரை பெண்சாதியின்ரை காலை ஒரு வருசத்துக்கு மேலை தொட்டுக் கும்பிட்டிருக்கிறியள். என்ரை காலிலை ஒருநாள் விழுந்தனீங்களோ?" திரான்சியில் இருக்கும் தங்கச்சிக்கும், ஆர்ஜொந்தெயில் இருக்கும் அண்ணைக்கும் அன்றே போன் போய்விட்டது. அதன்பிறகு ஒரு கலியாண வீட்டில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

எத்தியென் மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. நாலாம் கிழமை ஒரு காலை, வரிசையில் பார்வையாளர்களோடு சேர்ந்து வந்து நின்றான். தன்னுடைய முறை வந்ததும் கோட்டைக் கழற்றி என் முன்னால் நீட்டினான்.

"கவனமாய் வை" என்றான். "தொட்டுக் கும்பிட்டு எண்ணெய் பிரட்டிப்போடாதை."

நான் சிரிக்கவில்லை, சிரித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. இலக்கம் எழுதிய வில்லையைக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. "மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று கேட்டான். கத்தரிக்காய் என்றேன். முதல் கரண்டி திரும்பவும் அவனுடையதானது.

அதன்பின் நெற்றியைக் கடதாசித் துண்டால் துடைப்பேன், வேலைக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். செரெஸைக் கடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடப்பேன். புதிதாக வந்த காவலர்கள் அதைப் பெரிய அதிகாரி நடை என்று நினைத்துப் பின்பற்றினார்கள். அந்தக் கூடத்தில் இப்போதும் சிலர் அப்படி நடப்பதைப் பார்த்தால் காரணம் உங்களுக்குத் தெரியட்டும்.

செஃப் ஓய்வு பெற்றார், சில வருடத்தில் எத்தியெனே செஃப் ஆனான். என்னுடைய கடைசி வேலைநாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. காலையில் எத்தியென் வந்து, "மேலை உன்னைத் தேடுகினம்" என்றான். ரோமானியக் கூடத்தில் அதே பராமரிப்புப் பெண், இப்போது தலையில் இரண்டொரு நரை. ஒரு சோடி நீலக் கையுறையையும் மெல்லிய தூரிகை ஒன்றையும் என்னிடம் நீட்டினார்.

"இண்டைக்குத் தூசு தட்டுற நாள்" என்றார். "இவவின்ரை காலை நீங்கள் செய்யுங்கோ."

கையுறையைப் போட்டேன். முதுகுக்குப் பின்னால் இத்தனை வருடம் கோத்துக் கிடந்த கையை முன்னால் கொண்டுவந்தேன். சின்ன விரலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு விரலாக வந்து பெருவிரலில் நின்றேன். பால் வெள்ளையாக இருந்தது, ஒரு அடையாளமும் இல்லை. அங்கே தூசும் இல்லை. ஆனாலும் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் செரெஸின் மற்றப் பக்கம் போய்விட்டார். நான் தூரிகையை இடது கைக்கு மாற்றினேன். வலது கையுறை விரலால் ஒருமுறை தொட்டேன். பிறகு கை தானாகப் போகும் இடத்துக்குப் போனது.

திரும்பியபோது எத்தியென் வாசலில் நின்றான். கையில் கூடத்தின் பதிவேடு. என்னிடம் நீட்டிப் பேனாவையும் தந்தான்.

"எழுது" என்றான். "இந்த முறை சரியாய் எழுது."

அன்றைய திகதிக்கு நேரே எழுதினேன்: "இன்று ஒருவர் தொட்டார். சிவராசா." கீழே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் எத்தியென் தன் கையெழுத்தையும் போட்டான்.